கீமோ வேணுமா, வேணாமா? மார்பகப் புற்றுநோயில் ஜீன் சொல்லும் கணக்கு உப்பூர் வரை வருமா?

மார்பகத்தில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாச்சு. பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கு. அடுத்து டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஒரே கேள்வி. கீமோ கொடுக்கணுமா? இல்லை, தினமும் ஒரு மாத்திரை போதுமா?

இந்த முடிவை எடுக்க டாக்டர்கள் ரொம்ப காலமாகப் பார்த்தது மூன்று விஷயங்களை. கட்டி எவ்வளவு பெரிசு, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கா, மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறிப்போய்த் தெரியுது. கடந்த 20 ஆண்டுகளில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கட்டிக்குள் எந்தெந்த ஜீன் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்து, நோய் திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் பரிசோதனை.

2025 பிப்ரவரி 3-ம் தேதி சென்னை ஐ.ஐ.டி. 'பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்' என்ற தரவுத்தளத்தை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோயாளிகளின் 480 திசு மாதிரிகளில் இருந்து எடுத்த 960 எக்ஸோம் வரிசைகள் அதில் இருக்கின்றன. எக்ஸோம் என்றால், நம் மரபணுத் தொகுப்பில் புரதம் தயாரிக்கச் சொல்லும் பகுதி. அதற்குப் பிறகு இங்கேயும் இந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்திருக்கிறது: "ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்தா கீமோ வேணாமாமே?"

உண்மைதான். ஆனா எல்லாருக்கும் இல்லை. யாருக்கு உண்மை, யாருக்கு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள உப்பூர் மாதிரி ஒரு ஊரில் இருந்து பார்ப்பது நல்லது. ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கிழக்கு கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர். வெயிலுகந்த விநாயகர் கோயிலுக்காகத் தெரிந்த ஊர், பிறகு அனல் மின் நிலையத் திட்டத்தால் செய்திகளில் அடிபட்ட ஊர். கீமோவைத் தவிர்க்க முடிந்தால் அதிகம் மிச்சமாவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குத்தான். அந்த டெஸ்ட் கடைசியாக வந்து சேரும் இடமும் இதே ஊர்கள்தான்.

மூணு டெஸ்ட், ஒரே பேரு

'ஜீன் டெஸ்ட்' என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு பரிசோதனைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, பிறக்கும்போதே உடம்பில் இருக்கும் ஜீன் கோளாறைப் பார்ப்பது. இதற்கு ரத்தம் அல்லது எச்சில் போதும். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற பெயர்களை ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் இது முக்கியமாகச் சொல்லும்.

இரண்டாவது, எடுத்த கட்டியில் செய்யும் அடிப்படைப் பரிசோதனை. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று ரிப்போர்ட்டில் மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும், கட்டி பெண்மை ஹார்மோனை நம்பி வளர்கிறதா என்பதைச் சொல்பவை. ஹெர்2 என்பது செல்லை வேகமாகப் பெருக வைக்கும் ஒரு ஜீன், அதன் புரதம். ஹெர்2 முடிவு '2+' என்று வந்தால் 'ஃபிஷ்' என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்தால்தான் உறுதியாகும். (மீனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பரிசோதனையின் ஆங்கிலப் பெயரோட சுருக்கம்.)

மூன்றாவதுதான் இப்போது பேசப்படுவது. ஒரே கட்டியில் பல ஜீன்களின் செயல்பாட்டை ஒண்ணா அளந்து, நோய் திரும்புமா என்று ஒரு எண்ணாகச் சொல்வது. அமெரிக்காவின் 'ஆன்கோடைப் டி.எக்ஸ்.' 21 ஜீன்களைப் பார்க்கிறது. நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த 'மம்மாபிரிண்ட்' 70 ஜீன்களைப் பார்க்கிறது.

இந்த மூன்றாவது டெஸ்ட் யாருக்குப் பொருந்தும் என்பதை இரண்டாவது டெஸ்ட்தான் முடிவு செய்யும். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஹார்மோனை நம்பி வளர்கிற, ஹெர்2 இல்லாத, ஆரம்பக் கட்டத்தில் இருக்கிற கட்டிக்குத்தான் 21 ஜீன் டெஸ்ட். மூன்றும் 'நெகட்டிவ்' என்று வரும் வகைக்கு அது கிடையாது. மேலை நாடுகளில் பத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு வரும் அந்த வகை, பல இந்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இங்கே நாலில் ஒருவருக்கும் மேல் இருப்பதாகத் தெரிய வந்தது. அவர்களுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாலும் கீமோதான் பெரும்பாலும் முதல் ஆயுதம்.

21 ஜீன் என்ன சொல்லுது?

கட்டியில் இருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, அதில் இருக்கும் ஆர்.என்.ஏ.-வை அளக்கிறார்கள். ஒரு ஜீன் வேலை செய்யும்போது அதன் நகலாக உருவாவதுதான் ஆர்.என்.ஏ. எவ்வளவு நகல் இருக்கோ, அந்த ஜீன் அவ்வளவு மும்முரமாக இருக்குன்னு அர்த்தம். 21-ல் 16 ஜீன்கள் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை. செல் பெருக்கம், ஹார்மோன், ஹெர்2, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவது என்று அவை பிரியும். மீதி 5 ஜீன்கள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். தராசில் படிக்கல் மாதிரி.

முடிவு 0 முதல் 100 வரை ஒரு எண்ணாக வரும். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. 20 என்று வந்தால் 'நோய் திரும்பி வர 20 சதவீதம் வாய்ப்பு' என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அது மதிப்பெண், சதவீதம் இல்லை. அந்த மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்பது ரிப்போர்ட்டில் தனியாகப் போட்டிருக்கும்.

இன்னொன்று, கணிப்பு என்றால் தீர்ப்பு இல்லை. கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடல் கட்டாயம் கொந்தளிக்கும் என்று அர்த்தமா? சில நாள் கூண்டு ஏறும், கடல் சும்மா கிடக்கும். ஆனா கூண்டு ஏறின நாளில் படகு எடுக்க மாட்டாங்க. ஜீன் மதிப்பெண்ணும் அப்படி ஒரு கூண்டுதான். ஒரு தனி மனுஷிக்கு என்ன நடக்கும் என்று அதுக்குத் தெரியாது. அவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று தெரியும்.

10,273 பெண்கள் சொன்ன பதில்

இந்த மதிப்பெண்ணை நம்பி கீமோவை நிறுத்தலாமா என்று சோதித்துப் பார்த்த ஆய்வின் பெயர் 'டெய்லர்எக்ஸ்'. ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் தையல்காரர் என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். 2006-ல் ஆரம்பித்து 10,273 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். எல்லாருமே அக்குள் முடிச்சுக்குப் பரவாத, ஹார்மோன் வகை நோய் உள்ளவர்கள்.

மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்தவர்கள்தான் குழப்பமான நடுப்பகுதி. அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும். இன்னொரு குழுவுக்கு மாத்திரையும் கீமோவும். ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்பாமல் நல்லபடியாக இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 83.3 சதவீதம், கீமோவும் எடுத்த குழுவில் 84.3 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே மாதிரி. 2018-ல் இந்த முடிவு வெளியானபோது, இந்த வகை நோய் உள்ள பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் கீமோ இல்லாமலே இருக்கலாம் என்று சொன்னார்கள்.

ஆனா, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கதை வேறு. 16 முதல் 25 வரை மதிப்பெண் வாங்கிய இளம் பெண்களுக்கு கீமோவால் ஓரளவு பலன் இருந்தது. இந்தியாவில் இது ரொம்ப முக்கியம். ஏன்னா இங்கே மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்து வயது முன்பே வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் "25-க்குக் கீழ இருந்தா கீமோ வேணாம்" என்ற தகவல் 45 வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தாது.

கெட்ட ஜீன் நல்ல ஜீன் ஆன கதை

ஜீனை வைத்துக் கணிப்பது 21 ஜீன் டெஸ்டோடு ஆரம்பிக்கவில்லை. 1987-ல் அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லேமனும் அவர் குழுவும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். கட்டியில் ஹெர்2 ஜீன் பல மடங்கு பெருகியிருந்தால் அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுள் குறைகிறது என்பதுதான் அது. அன்றைய நிலையில் 'ஹெர்2 பாசிட்டிவ்' என்பது கெட்ட செய்தி.

1998-ல் அதே ஹெர்2-வைக் குறிவைத்து டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்தது. கணக்கு தலைகீழானது. ரிப்போர்ட்டில் அதே வார்த்தைதான், ஆனால் இப்போது 'உங்களுக்குக் கொடுக்க ஒரு குறிவைத்த மருந்து இருக்கு' என்று அர்த்தம். பெங்களூரு பயோகான் நிறுவனம் அதன் மலிவு வடிவத்தை 2014-ல் இந்தியச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

ஒரு ஜீன் குறி சொல்லும் எதிர்காலம், கையில் எந்த மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். மருந்து கிடைக்காத ஊரில் அது இன்னமும் 1987-ன் கெட்ட செய்தியாகவே இருக்கும். அதனாலதான் இந்த விஷயத்தை அறிவியலாக மட்டும் பேசி முடிக்க முடியாது.

உப்பூரில் இருந்து கணக்குப் போட்டால்...

உப்பூரில் 56 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனா கணக்கு நிஜம். ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஹார்மோன் வகை, முடிச்சுக்குப் பரவவில்லை. கீமோ என்றால், பரவலாகக் கொடுக்கும் ஒரு முறையில் 21 நாளுக்கு ஒரு முறை, நாலு தடவை.

மாவட்டத்தில் 2022-ல் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் கேன்சர் என்று வந்துவிட்டால் மதுரைக்குப் போவது இந்தக் கரையோர ஊர்களுக்குப் பழகிப்போன விஷயம். அரசு ராஜாஜி மருத்துவமனை, பாலரெங்கபுரம் புற்றுநோய் மையம், இல்லைன்னா தனியார். ஒவ்வொரு தடவையும் போகவர ஒரு நாள், அங்கே ஒரு நாள். ரத்தம் பார்க்க முன்கூட்டியே இன்னொரு அலைச்சல். கூடவே துணைக்கு மகளோ மருமகளோ போகணும். ஆக இரண்டு பேரின் கூலி போச்சு. இதெல்லாம் விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் வந்தால், வீட்டில் ஆண்களின் வருமானமும் சேர்ந்து நின்றிருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மருந்துச் செலவை அட்டை பார்த்துக்கொள்ளும். பஸ் செலவு, போன கூலி, கீமோ போட்ட பிறகு ஒரு வாரம் அடுப்படிக்குப் போக முடியாமல் படுத்துக்கிடப்பது, முடி கொட்டிப்போய் வெளியே தலைகாட்டத் தயங்குவது, இதுக்கெல்லாம் அட்டை கிடையாது.

இந்த அம்மாவின் மதிப்பெண் 25-க்குக் கீழ் என்று தெரிந்தால் இத்தனையும் மிச்சம். சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வசிப்பவரைவிட இவருக்குத்தான் அந்த ஒரு எண் பெரிய வரம். ஆனால் டெஸ்ட் விலை இந்தியாவில் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பணும். இரண்டு லட்சத்தைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் "கீமோவே போட்டுரலாம் டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். அந்த முடிவில் மருத்துவம் எதுவும் இல்லை. வெறும் பணக் கணக்கு.

பெங்களூரில் இருந்து ஒரு மாற்று

இதே சிக்கலைப் பார்த்துத்தான் விஞ்ஞானி மஞ்சிரி பாக்ரே பெங்களூரில் 'ஆன்கோஸ்டெம் டயக்னாஸ்டிக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' ஜீன்களை நேரடியாக அளப்பதில்லை. ஜீன்கள் உருவாக்கும் ஐந்து புரதங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கிறது. அதோடு கட்டியின் அளவு, கிரேடு, முடிச்சு நிலை மூன்றையும் சேர்த்து, கம்ப்யூட்டர் கணக்கு மூலம் 'குறைந்த ஆபத்து' அல்லது 'அதிக ஆபத்து' என்று இரண்டே பதில் சொல்லும். இந்திய நோயாளிகளின் மாதிரிகளை வைத்து உருவான டெஸ்ட். மாதிரி கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. விலையும் அமெரிக்க டெஸ்ட்டைவிடக் கணிசமாகக் குறைவு.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய நோயாளிகளின் மாதிரிகளை எடுத்து 'இந்த டெஸ்ட் சரியாகச் சொல்லியிருக்குமா' என்று பார்ப்பது ஒன்று. டெய்லர்எக்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒன்பது வருஷம் காத்திருந்து பார்ப்பது வேறு. இரண்டாவது வகை ஆதாரத்துக்கு இருக்கும் எடை முதலாவதுக்கு இல்லை. இதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

யாரை வைத்துப் போட்ட கணக்கு?

டெய்லர்எக்ஸ் நடந்தது ஆறு நாடுகளில். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பெரு. இந்தியா இல்லை. அந்த மதிப்பெண் நம்ம ஊர்ப் பெண்களுக்கும் அதே துல்லியத்தில் வேலை செய்யுமா? அமெரிக்காவிலேயே, ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கியும் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட மோசமான முடிவுகள் வந்தது டெய்லர்எக்ஸ் தரவுகளிலேயே தெரிந்தது. அதனால் இந்தச் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.-யின் அட்லஸ் முக்கியத்துவம் பெறுவது இங்கேதான். உலகப் புற்றுநோய் மரபணுத் தரவுகளில் இந்தியர்களின் பங்கு மிகக் குறைவு என்பதே 2020-ல் அந்தத் திட்டம் தொடங்கக் காரணம். இப்போது தரவுகள் ஆய்வாளர்கள் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன.

ஆனா அட்லஸ் என்பது வரைபடம் மட்டும்தான். எந்தக் கட்டியில் எந்த ஜீன் மாறியிருக்கு என்று அது சொல்லும். அந்தக் கட்டி இருந்த பெண் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்ற விவரமும் சேர்ந்தால்தான் அது கணிப்பாக மாறும். கட்டியைப் படிப்பதுக்கு மெஷின் இருக்கு. ஊருக்குத் திரும்பிப் போன பெண்ணை வருஷா வருஷம் தேடிப்பிடித்து விசாரிப்பதுக்கு ஆள் வேணும். தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் மாநில அளவிலான புற்றுநோய்ப் பதிவேடு போன்ற அமைப்புகள் இருப்பது இந்த வகையில் பெரிய பலம்.

'கீமோ வேணாம்' என்றால் 'சிகிச்சையே வேணாம்' இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். டெய்லர்எக்ஸில் கீமோ இல்லாமல் நல்லபடியாக இருந்த பெண்கள் எல்லாரும் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டாமாக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை. தினமும், குறைந்தது ஐந்து வருஷம். குறைந்த மதிப்பெண் என்ற நல்ல செய்தி அந்த மாத்திரையோடு சேர்ந்துதான் செல்லுபடியாகும்.

"கீமோ வேணாம்னு சொல்லிட்டாங்க, அப்ப சரியாயிருச்சு" என்று புரிந்துகொண்டு, உடம்புச் சூடு, மூட்டு வலி என்று ஆறே மாதத்தில் மாத்திரையை நிறுத்தினால், அந்த விலையுயர்ந்த ரிப்போர்ட் வெறும் காகிதம்தான். மாத்திரை விலை அதிகம் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து கைக்குக் கிடைக்கிறதா, பக்கவிளைவைச் சொல்ல ஆள் இருக்கா என்பதுதான் கேள்வி. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீடு தேடி மாத்திரை கொண்டு போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாதிரி ஒரு ஏற்பாடு இந்த மாத்திரைக்கும் இருந்தால், பல லட்ச ரூபாய் டெஸ்ட்டைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்று சொன்னால் அது மிகை இல்லை.

ஜீனுக்கு முன்னாடி ஒரு கை

2022-ல் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், 98,337 பேர் இறந்ததாகவும் உலக அளவிலான குளோபோகான் மதிப்பீடு சொல்கிறது. இவ்வளவு பேர் இறப்பதுக்கு ஜீன் டெஸ்ட் இல்லாதது முக்கியக் காரணம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தரவுகளின்படி, நோய் மார்பகத்தைத் தாண்டாமல் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருப்பவர்கள் 81 சதவீதம். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவிய பிறகு என்றால் 18.3 சதவீதம். எந்த ஜீன் மதிப்பெண்ணும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டுவதில்லை.

இதுக்கு மம்மோகிராம் மெஷின்கூட கட்டாயம் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்த ஆய்வில் 1,51,538 பெண்கள் சேர்ந்தார்கள். பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைத் தொட்டுப் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 20 வருஷம் கழித்து 2021-ல் முடிவு வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது.

21 ஜீன் டெஸ்ட்டுக்குத் தகுதி பெறவே நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கணும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கும் கை உப்பூரில் இருந்தால்தான் ஜீன் டெஸ்ட் பற்றிப் பேசவே முடியும்.

மகளுக்கும் வருமா? அப்பா வழியையும் பாருங்க

பி.ஆர்.சி.ஏ. கோளாறு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீதம் வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. நம்ம வீடுகளில் "அம்மாவுக்கு இருந்துச்சா, பெரியம்மாவுக்கு இருந்துச்சா" என்று மட்டும் கேட்பார்கள். அத்தைக்கும் அப்பத்தாவுக்கும் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவுக்கு நோய் வராமலே அந்த ஜீன் மகளுக்கு வந்து சேரலாம்.

பி.ஆர்.சி.ஏ.1 கோளாறு இருக்கும் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர சுமார் 72 சதவீதம் வாய்ப்பு என்று 2017-ல் வெளியான சர்வதேச ஆய்வு சொல்கிறது. பயமுறுத்தும் எண்தான். ஆனா நோய் வந்த பிறகு? பிரிட்டனில் 40 வயதுக்குள் நோய் வந்த 2,733 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. பி.ஆர்.சி.ஏ. கோளாறு இருந்தவர்களும் இல்லாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் உயிர் பிழைத்திருந்தார்கள். வரும் வாய்ப்பு அதிகம் என்பதுக்கு, வந்தால் பிழைக்க மாட்டாங்க என்று அர்த்தம் இல்லை. 2021-ல் இருந்து ஒலாபாரிப் என்ற மாத்திரையும் இந்த வகை நோயாளிகளில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதைக் குறைப்பது தெரிந்திருக்கிறது.

சின்ன வயதில் நோய் வந்தவர்கள், மூன்றும் நெகட்டிவ் வகை வந்தவர்கள், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருப்பவர்கள், இவர்கள் இந்த ரத்தப் பரிசோதனை பற்றிக் கட்டாயம் கேட்கணும்.

கட்டியை எடுக்கும் முன்பே கேட்க வேண்டியது

எல்லா ஜீன் டெஸ்ட்டும் கடைசியில் நம்பியிருப்பது எடுத்த கட்டியை எப்படிப் பத்திரப்படுத்தினார்கள் என்பதைத்தான். கட்டியை வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பஃபர்ட் ஃபார்மலின் திரவத்தில் போடணும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்கணும். வெறும் உப்பு நீரில் போட்டு மறுநாள் லேபுக்கு அனுப்பினால் இ.ஆர். ரிசல்ட்டே தப்பாக வரலாம். ஹார்மோன் வகை நோய் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால், அந்தப் பெண் மலிவான மாத்திரையை இழந்து, தேவையில்லாத கீமோவுக்குப் போவார். சின்ன நர்சிங் ஹோமில் "சாதாரணக் கட்டிதான்" என்று எடுக்கும்போது இந்த ஆபத்து அதிகம்.

அதனால் எந்த மார்பகக் கட்டியை எடுத்தாலும், அது சாதாரணமாகத் தெரிந்தாலும், லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே ஊசி பயாப்சி எடுத்து நோய் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

லேபில் கட்டியை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டையாக வைத்திருப்பார்கள். 'பாரஃபின் பிளாக்' என்று பெயர். அதில் இருந்துதான் பின்னால் எந்த ஜீன் டெஸ்ட்டும் எடுக்க முடியும். ராமநாதபுரத்தில் ஆபரேஷன், மதுரையில் கீமோ, சென்னையில் இரண்டாவது கருத்து என்று அலையும்போது ஸ்கேன் ஃபிலிமைப் பத்திரமாகக் கொண்டு போவார்கள், பிளாக் எங்கே இருக்கு என்றே தெரியாது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பிளாக்கும் ஸ்லைடும் வாங்கலாம். வாங்கினால் வெயில் படாமல், சூடு இல்லாத இடத்தில் வையுங்கள். பங்குனி, சித்திரை மாதத்து ராமநாதபுரம் வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைத்தால் மெழுகு உருகிவிடும்.